.45-70, .444, .450: வேகத்துக்கு எவ்வளவு அழுத்தம்?

தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க வேட்டைக்காரர்கள், பெரிய விட்டத்தில் ஒரு லீவர் ரைபிள் (நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) வேண்டுமென்றால் பெரும்பாலும் யோசிப்பது மூன்று பெயர்களைத்தான்: .45-70, .444 மார்லின், .450 மார்லின். பலரும் வேகத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் அழுத்தத்தைப் பார்ப்பேன், அதாவது மருந்து எரியும்போது தோட்டாக் கூட்டுக்குள் எழும் வாயு அழுத்தத்தை.

.45-70 வந்தது 1873-இல், அமெரிக்க ராணுவத்துக்காக. 70 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) கரிமருந்து, 405 கிரெயின் ஈயக்குண்டு, வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1,350 அடி. அந்தக் காலத்து 'டிராப்டோர்' துப்பாக்கிகள் (மேல்மூடியைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடுபவை) இன்னும் பலரிடம் இருப்பதால், ஸாமி அமைப்பு (நம்ம சாமி இல்லை, தோட்டாத் தரம் வகுக்கும் அமைப்பு) இதற்கு வைத்த உச்ச அழுத்தம் 28,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) மட்டுமே. ஆனால் மார்லின் 1895 போன்ற லீவர் ரைபிள்கள் அதைவிட அதிகம் தாங்கும். அதனால் நிரப்பும் கையேடுகளில் ஒரே தோட்டாவுக்கு மூன்று பட்டியல்கள் இருக்கும்: டிராப்டோருக்கு ஒன்று, லீவருக்கு ஒன்று, வலுவான ஒற்றைத் தோட்டா ரைபிளான ரூகர் நம்பர் 1-க்கு ஒன்று. வசதியும் இதுதான், வம்பும் இதுதான்.

.444 மார்லின் 1964-இல் வந்தது. 42,000 பிஎஸ்ஐ உச்சம், 240 கிரெயின் குண்டு 2,350 அடி வேகம். பாதை தட்டையாக இருக்கும். குறை என்னவென்றால், ஆரம்பகாலக் குழல்களுக்குள் குண்டைச் சுழற்றும் வரிகளின் முறுக்கு 38 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். கனமான, நீளமான குண்டு அதில் நிலையாகச் சுழலாது.

.450 மார்லின் 2000-இல் வந்தது. 43,500 பிஎஸ்ஐ, 350 கிரெயின், 2,100 அடி. சூடாக (அதிக அழுத்தத்தில்) நிரப்பிய .45-70 செய்யும் வேலையேதான். வித்தியாசம் கூட்டின் அடியிலுள்ள அகலப் பட்டை, அதனால் பழைய .45-70 துப்பாக்கியில் தவறிப்போய்க்கூட நுழையாது.

சரி, அழுத்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடலாமா? முடியாது. .45-70 கூட்டின் அடி விட்டம் 0.505 அங்குலம், .444-க்கு 0.470. அதே அழுத்தத்தில் அகலமான கூடு போல்ட்டை (கூட்டின் பின்னால் அடைத்து நிற்கும் பாகம்) பின்னால் தள்ளும் விசை ஏறக்குறைய 15 சதவீதம் அதிகம். இன்னொன்று, மருந்தைக் கூட்டக் கூட அழுத்தம் விறுவிறுவென ஏறும். வேகம் அதற்கு ஈடாக ஏறாது. வேகத்தின் கடைசி ஐம்பது அடிக்குத்தான் விலை அதிகம்.

பெரும்பாலானோருக்கு வீட்டில் அழுத்தத்தை அளக்க வழியில்லை. குரோனோகிராஃப் வேகத்தை மட்டும் காட்டும். கையேட்டில் உள்ளதைவிட வேகம் கூடினால், அழுத்தமும் கூடியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகிறதா, லீவர் இறுகுகிறதா என்று காத்திருப்பது ஆபத்து. டிராப்டோர் அளவைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் அந்த அறிகுறிகளே தெரியும்.

லீவர் ரைபிளின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், அதில் கூர்முனை உலோகக் குண்டு வேண்டவே வேண்டாம், முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரைக் குத்திவிடும்.

என் ஓட்டு .45-70-க்குத்தான், ரைபிள் நவீன லீவராக இருந்தால். அதே வீட்டில் தாத்தாவின் டிராப்டோரும் இருந்தால் .450.