வீட்டு அறையா, ஊர்க் கொட்டகையா, ஆற்றுக் கப்பலா: விக்டோரியா கால இங்கிலாந்தில் தொற்றுநோயாளிகள்

1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்குத் தொற்றுநோய் மருத்துவமனை கட்டும் அதிகாரத்தை வழங்கியதே தவிர, கட்டியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. வரி செலுத்துவோரின் முகச்சுளிப்புக்கு அஞ்சிய நகரமன்றங்கள் தயங்கின. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனுக்கு வெளியே ஐந்தில் ஓர் உள்ளாட்சியிடம் கூட நோயாளியைத் தனியே வைக்க இடம் இருக்கவில்லை. ஆகவே ஒவ்வோர் ஊரும் உண்மையில் மூன்று வழிகளுக்கிடையே தேர்வு செய்ய வேண்டியிருந்தது: நோயாளியை வீட்டிலேயே ஓர் அறையில் ஒதுக்குவது, ஊர் ஓரத்தில் சிறு மருத்துவமனை கட்டுவது, அல்லது லண்டனைப் போலப் பெரிய மைய அமைப்பை நிறுவுவது. இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு, எந்த நோய்க்கு என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் விடை கூற இயலாது என்பதே என் கருத்து.

வீட்டு வழியின் கருவிகள் எளியவை. மாடியில் ஓர் அறை, கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்தில் நனைத்து வாசலில் தொங்கவிட்ட துணி, குழந்தையின் தோல் உரிந்து முடியும் வரை எண்ணெய் தடவுதல், பிறகு படுக்கையை எரித்தல் அல்லது கொதிக்க வைத்தல். பிரிஸ்டல் மருத்துவர் வில்லியம் பட், குழந்தைகளை அதிகம் தாக்கி உடலில் சிவந்த தடிப்பை உண்டாக்கும் ஸ்கார்லெட் காய்ச்சலுக்கு ஏறத்தாழ இம்முறையைத்தான் பரிந்துரைத்தார். கூடுதல் அறையும் பணிப்பெண்ணும் உள்ள வீட்டில் இது நடைமுறைக்கு ஒத்து வந்தது.

சிறு மருத்துவமனையின் கதை வேறு. கிராமங்கள் நான்கு நோயாளிகளைத் தாங்கும் இரண்டு தனி அறைகளையாவது எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று மைய அரசின் உள்ளாட்சி வாரியம் அறிவுறுத்தியது. பல ஊர்களில் அது மரக்கொட்டகையாகவோ நெளிதகரக் கட்டடமாகவோ அமைந்தது. காவலுக்கு ஒரு தம்பதியர் குடியிருப்பார்கள். மாதக்கணக்கில் ஒரு நோயாளியும் இராமல், பிறகு ஒரே வாரத்தில் நிரம்பி வழியும். காலியாகக் கிடக்கும் கட்டடத்துக்கு வரிப்பணமா என்று முணுமுணுத்தவர்களே, நிரம்பியபோது இடம் போதவில்லை என்றும் குறைகூறினார்கள்.

லண்டனில் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி பிறந்த, ஏழை நோயாளிகளுக்கான பெருநகர அசைலம் வாரியம், ஹாம்ப்ஸ்டெட், ஹோமர்டன், ஸ்டாக்வெல் ஆகிய இடங்களில் மருத்துவமனைகளைத் திறந்த கையோடு 1871ஆம் ஆண்டின் பெரியம்மைக் கொள்ளைநோய் வந்து சேர்ந்தது. ஹாம்ப்ஸ்டெட்வாசிகள் தங்கள் பகுதி மருத்துவமனைக்கு எதிராக நீதிமன்றம் சென்று, 1881இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை வரை போராடி வென்றார்கள். அதே ஆண்டில் லண்டனின் ஃபுல்ஹாம் பெரியம்மை மருத்துவமனையை ஆராய்ந்த உள்ளாட்சி வாரியத்தின் மருத்துவ ஆய்வாளர் டபிள்யூ. எச். பவர், அதைச் சுற்றியுள்ள வீடுகளில் அம்மை கண்டவர்களின் விகிதம், தொலைவு கூடக்கூடக் குறைந்ததைக் காட்டினார். கிருமி காற்றில் பறந்ததா, வண்டிகளும் வந்துபோனவர்களும் கொண்டு சேர்த்தார்களா என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். எப்படியாயினும், நகரத்தின் நடுவே பெரியம்மை மருத்துவமனை வைப்பது அண்டை வீட்டாருக்கு ஆபத்து என்ற முடிவு நிலைத்தது. அட்லஸ், எண்டிமியன் என்ற பழைய போர்க்கப்பல்களும், இரட்டை உடல் கொண்ட கஸ்டாலியா என்ற நீராவிக் கப்பலும் தேம்ஸ் ஆற்றில் லண்டன் பாலத்துக்குப் பதினேழு மைல் கீழே லாங் ரீச்சில் மருத்துவமனைகளாக நங்கூரமிட்டன; நோயாளிகள் ஆற்று ஆம்புலன்ஸ் படகுகளில் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். விந்தையான காட்சிதான், ஆனால் பெரியம்மைக்குப் பொருத்தமான ஏற்பாடு.

ஸ்கார்லெட் காய்ச்சலில் நிலைமை தலைகீழ். நூற்றாண்டின் இறுதிக்குள் லண்டனில் அறிவிக்கப்பட்ட நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் வாரியத்தின் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆயினும் நோய் குறைந்தபாடில்லை. இறப்பு விகிதம் வீழ்ந்தது உண்மை, ஆனால் நோயே மென்மையாகி வந்த காலம் அது; அந்தப் புகழை மருத்துவமனைக் கணக்கில் முழுதாக வரவு வைக்க இயலாது. ஆறு வாரம் தங்கித் திரும்பிய குழந்தை, வீட்டில் இருந்த தம்பிக்கோ தங்கைக்கோ நோயைக் கொடுத்த நிகழ்வுகளுக்கு ‘திரும்பி வந்த நோய்’ என்றே பெயர் வந்தது. லேசான நோய் கண்ட குழந்தைகளை எவரும் கண்டுபிடிக்காமலே விட்டதும், அடுத்தடுத்த படுக்கைகளில் நோயாளிகள் ஒருவருக்கொருவர் கிருமி பரிமாறிக்கொண்டதும் காரணங்கள்.

பெரியம்மையில் கட்டடத்தைவிடச் செய்தியின் வேகமே முக்கியம் என்பதை லெஸ்டர், குளோஸ்டர் ஆகிய இரு நகரங்களையும் அருகருகே வைத்தால் அறியலாம். இரண்டிலும் அம்மை குத்திக்கொள்ள மறுத்தவர்கள் ஏராளம். லெஸ்டரில் 1879 முதல் நோயை அறிவிப்பது கட்டாயம். செய்தி கிடைத்ததும் நோயாளி மருத்துவமனைக்குச் செல்வார், உடனிருந்தோர் தனியே வைக்கப்படுவார்கள், வீடு புகையிட்டுச் சுத்தம் செய்யப்படும். 1892–94இல் 350ஐச் சற்றே தாண்டிய நோயாளிகள், 21 மரணங்கள் என்பதோடு அங்கே தொற்று அடங்கியது. அவ்வளவு பெரிதல்லாத குளோஸ்டரில் 1895–96இல் 1,979 பேருக்கு நோய் கண்டு 434 பேர் இறந்தார்கள். அங்கிருந்த சிறு மருத்துவமனை பள்ளிப் பிள்ளைகளிடையே நோய் பாய்ந்ததும் திணறிப்போனது. எனினும் லெஸ்டரின் வெற்றியைத் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் கொண்டாடியதில் ஒரு சிறு மறைப்பு உண்டு: நோயாளியைத் தொட்டுக் கையாண்ட பணியாளர்கள் பெரும்பாலும் அம்மை குத்திக்கொண்டவர்கள். அந்த வேலியின்றி அம்முறை நிற்குமா என்பது ஐயமே.

அன்றைய நகரமன்ற உறுப்பினராக இருந்தால், நான் முதலில் நோயை அறிவிக்கும் மருத்துவருக்கு இரண்டரை ஷில்லிங் கட்டணத்துக்கும், துடிப்பான சுகாதார ஆய்வாளர் ஒருவருக்கும் பணம் ஒதுக்குவேன். அடுத்து ஊருக்கு வெளியே பெரியம்மைக்கென ஒரு கொட்டகை. ஸ்கார்லெட் காய்ச்சலுக்கான பெரிய கட்டடம் கடைசியில்தான். ஆனால் இக்கணக்கு ஓரிடத்தில் உதைக்கிறது. ஒரே அறையில் ஏழு பேர் உறங்கும் தொழிலாளர் வீட்டில் கார்பாலிக் துணியை எந்த வாசலில் தொங்கவிடுவது? 1875ஆம் ஆண்டுச் சட்டம், தக்க இருப்பிடம் இல்லாத நோயாளியை நீதிபதியின் ஆணைப்படி மருத்துவமனைக்கு அகற்ற இடமளித்தது. மாடி அறை உள்ளவருக்கு விருப்பம், ஒற்றை அறைக்காரருக்கு ஆணை என்றே அது நடைமுறையில் பிரிந்தது.