வெளிநாட்டு ஜோடிக்கு கோலாலம்பூரில் பதிவுத் திருமணம்: தேசியப் பதிவிலாகா சேவை எப்படி?

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்யும் அரசுத் துறைதான் தேசியப் பதிவிலாகா. அதன் விதிகள் தெளிவானவை. கஷ்டமெல்லாம் நாள் கணக்கில்தான். மனு கொடுக்குமுன் அந்த மாவட்டத்தில் 7 நாள் தங்கியிருக்க வேண்டும். அடுத்து, மனு விவரத்தை அறிவிப்பாக வைத்திருக்கும் 21 நாள் காத்திருப்பு. ஆக, முப்பது நாள் விசா வைத்திருப்பவருக்குக் கையில் மிஞ்சுவது ஓரிரு நாள்தான். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் இதைக் கணக்குப் போடுங்கள்.

அதிகம் சிக்குவது, மணமாகாதவர் என்ற சான்றிதழில். அதைச் சொந்த நாட்டு அதிகாரியோ தூதரகமோ தர வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்கள் பெயரைச் சரிபாருங்கள்: கடப்பிதழில் (பாஸ்போர்ட்) அப்பா பெயர் முழுதாகவும் சான்றிதழில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால் இருவேறு ஆளாகத் தெரியும். தமிழில் உள்ள பத்திரத்தை மொழிபெயர்த்தே கொண்டுபோங்கள்.

வயது 18 ஆகியிருக்க வேண்டும். 21 ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும். இரண்டு சாட்சிகள் அவசியம்.

கோயிலில் தாலி கட்டினால் போதும் என்பது தவறு. 1982 மார்ச் 1 முதல் பதிவு கட்டாயம். திருமணத்தைப் பதிவு செய்ய நியமனம் பெற்ற துணைப் பதிவாளர் உள்ள கோயிலில் சடங்கையும் பதிவையும் ஒரே நாளில் முடிக்கலாம். எங்கள் பரிந்துரை அதுவே. 21 நாள் காத்திருப்பு அங்கும் உண்டு.