குன்னூர் மேட்டில் ஒரு ஜோடி ரப்பர் கட்டை

குன்னூரில் எங்கள் வீட்டுச் சந்து முதல் கியர் கேட்கிற ஏற்றம். ராத்திரி பகலாக கார் அதில்தான் நிற்கிறது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வாங்கிய ரப்பர் கட்டைகள் நாலைந்து ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டன. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: தாராளமாக வாங்குங்கள், ஆனால் ரப்பராகப் பார்த்து வாங்குங்கள்.

பிளாஸ்டிக் கட்டை லேசாக இருக்கும், தூக்க வசதி. ஆனால் ஈர சிமெண்ட் தரையில் டயர் அழுத்தினால் சறுக்கிக்கொண்டே போகும். எஸ்டேட் பக்கம் சில்வர் ஓக் துண்டை முக்கோணமாக அறுத்து வைத்திருப்பார்கள். செலவில்லை, பிடிப்பும் உண்டு. மழை மாதங்களில் பாசி படிந்துவிட்டால் மட்டும் நம்ப முடியாது. ரப்பர் நனைந்த தரையையும் கவ்வுகிறது. புதிதில் டிக்கியைத் திறந்தாலே டயர் கடை வாசனை அடித்தது, அப்புறம் போய்விட்டது. இப்போது அடிப்பக்க வரிகள் மழுங்கி, ஒரு மூலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. பிடிப்பு குறையவில்லை.

கல் வைப்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். லாரி நிற்கும்வரை சரி. கிளம்பும்போது கல்லை நடுரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். மூடுபனியில் பைக்கில் வருகிறவன் கதி என்ன? நாலு போல்ட் போட்டு ஒரு கட்டையை லாரியிலேயே மாட்டிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

கட்டையைச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போடுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். அந்த இடைவெளியில் வண்டி உருண்டு வேகம் பிடித்தால் கட்டை மேலேயே ஏறிவிடும். டயரை ஒட்டி, இறக்கத்துப் பக்கம், காலால் தட்டி இறுக்க வேண்டும். இரண்டையும் இணைக்கிற கயிற்றை நான் நீளமானதாக மாற்றி, நுனியை டிரைவர் கதவின் கைப்பிடியில் மாட்டிவிடுகிறேன். கயிற்றைக் கழற்றாமல் கதவைத் திறக்க முடியாது, அதனால் கட்டை மறக்காது.

‘ஹேண்ட் பிரேக் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு’ என்பார் கோயம்புத்தூர் மாமா. அவர் காரில் பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கிற வகை. மலைப்பாதையில் பிரேக் சூடேறி வந்து நிறுத்தினால், டிஸ்க் ஆற ஆறச் சுருங்கி, இழுத்த பிடி தளரக்கூடும். டிரம் பிரேக்குக்கு வேறு தொல்லை. ஈரக் காற்றில் பல நாள் இழுத்தபடியே நின்றால், உள்ளிருந்து அழுத்துகிற பிரேக் ஷூ துருப்பிடித்து, சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஊருக்குப் போகிற நாட்களில் காரைப் பக்கத்து வீட்டுச் சமதள வாசலில் நிறுத்தி, ரிவர்ஸ் கியரில் போட்டு, ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுகிறேன். திரும்பி வரும்போது வண்டி முரண்டு பிடிப்பதில்லை.

சட்டமும் பிரேக்கை மட்டும் சொல்லவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஆள் இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ வண்டி தற்செயலாக நகராதபடி பார்த்துக்கொள்ளச் சொல்கிறது.

ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்தால் ரிவர்ஸ். ஆட்டோமேட்டிக் என்றால் கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெதுவாக எடுத்து, வண்டி அதில் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் ‘பி’ என்கிற பார்க்கிங் நிலை. இல்லாவிட்டால் மொத்த எடையும் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். ஸ்டியரிங்கை மண்சுவர்ப் பக்கம் ஒடித்துவைப்பது இங்கே எல்லாருக்கும் கைப்பழக்கம். பள்ளத்துப் பக்கம் ஒடித்து நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் சுற்றுலா வண்டிதான்.

கட்டை உண்மையில் காசுக்கு வேலை செய்வது பஞ்சர் சமயத்தில். முன்சக்கர இழுவை கார்களில் ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், கியரில் போட்டிருந்தாலும் பயனில்லை. தூக்கிய சக்கரம் சும்மா சுழலும், தரையில் இருப்பதும் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற பல்சக்கர அமைப்பு) வழியாக விட்டுக்கொடுத்துவிடும். அப்போது மிச்சம் பின்சக்கர ஹேண்ட் பிரேக்கும் கட்டையும்தான். பின்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கில் பாதிதான் தரையைப் பிடிக்கும், அங்கே கியர் கைகொடுக்கும். எந்தப் பக்கம் பஞ்சர் ஆனாலும், தூக்கும் சக்கரத்துக்கு மூலைவிட்டத்தில் எதிரே இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் ஜாக்கியை எடுக்கிறேன்.