ஸ்பீக்கர் இல்லாமலே பாடிய ஆம்ப்ளிஃபயர்: 8,700 ரூபாய் போன கதை

அப்பாவின் மைக் செட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று எங்கள் பாளையங்கோட்டை வீட்டுப் பரணில் இருபது வருடமாகக் கிடந்தது. பெரிய செட்டெல்லாம் விற்றுப் போக, இது மட்டும் தங்கிவிட்டது. பதினைந்து வாட்ஸ்தான். ஆனால் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி வேப்பமரத்தில் ஏற்றிவிட்டால், சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போடும் வில்லுப்பாட்டு அடுத்த ஊர் வரை கேட்கும். உள்ளே வால்வுகள், அதாவது டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்னால் இருந்த கண்ணாடிக் குழல்கள்: முன்னால் ஈசிசி83, கடைசியில் ஈஎல்84 இரண்டு. எல்லாம் பெங்களூரு பி.இ.எல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) வால்வுகள். ஈஎல்84 ஜோடி இடம் மாறிவிடக் கூடாது என்று அப்பா கண்ணாடியில் சிவப்பு எனாமல் பெயிண்டால் பொட்டு வைத்திருந்தார். ஒன்றுக்கு ஒரு பொட்டு, மற்றதற்கு இரண்டு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். கீழே இறக்கித் துடைத்து, நேராகப் பிளக்கைச் சொருகி ஸ்விட்ச் போட்டேன். ஒரு உறுமல், கருகல் வாசனை, ஃபியூஸ் போய்விட்டது. வருடக்கணக்கில் சும்மா கிடந்த பெட்டியில் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கெட்டிருக்கும். 230 வோல்ட்டை ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது. எலெக்ட்ரீசியன் வைத்திருப்பாரே, கரண்ட் போகும் வழியில் தொடராக மாட்டும் சீரிஸ் பல்பு, அதன் வழியாகக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்திவிடலாம். பழைய குண்டு பல்புதான் வேண்டும், எல்இடி இதற்கு உதவாது.

விசாரித்ததில் ஒருவரைச் சொன்னார்கள். பஸ்ஸில் அரை மணி நேரம். கடை பெயர் வேண்டாம். "ஒண்ணும் பயப்படாதிய அண்ணாச்சி, கெப்பாசிட்டர் மாத்துனா போதும். 1,800 ரூவா ஆகும். வியாழக்கெழம வாங்க" என்றார். நானும் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். என்ன வால்வு இருக்கிறது என்று எழுதி வாங்கவில்லை. அவர் தந்த துண்டுச் சீட்டில் "ஆம்ப்ளி 1" என்று மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை போனபோது பெட்டி மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன. செல்ஃபோனிலிருந்து ஒரு வயர் உள்ளே போனது. பின்பக்கம் ஸ்பீக்கர் முனைகளில் எதுவும் இல்லை. ஆனாலும் பாட்டு கேட்டது! கொசு பாடுவது போல மெலிசாக, இரும்புப் பட்டைக்குள்ளிருந்து. "ஸ்பீக்கரே இல்லாம பாடுது பாத்தியளா" என்று அவர் சிரிக்க, நானும் வாயைப் பிளந்து நின்றேன். வால்யூமைக் கூட்டியும் காட்டினார்.

பாடியது, வால்விலிருந்து ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கடத்தும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கரோ, அதற்குச் சமமான ஓம்ஸ் உள்ள பெரிய வாட்ஸ் ரெசிஸ்டரோ இல்லாமல் ஓட்டவே கூடாது. போகிற சக்திக்கு வழி இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் (வால்வுப் பக்கத்துச் சுற்றில்) வோல்ட்டேஜ் கண்டபடி எகிறி, கம்பி மேல் உள்ள இன்சுலேஷனை உடைத்துவிடும். டிரான்சிஸ்டர் செட்டை அப்படி ஓட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தில்தான் இவரும் ஓட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த இடத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். "ரெண்டு நாளு ஓட்டிப் பாத்துட்டுத் தாரேன்" என்றார், சரி என்றேன்.

அடுத்த வாரம் ஃபோன். "டிரான்ஸ்ஃபார்மர் அடி வாங்கிருச்சு அண்ணாச்சி, பழசுல்லா." காயில் கட்ட 4,500. வால்வும் "செத்துப்போச்சு", புது ஜோடி 2,400. கொடுத்தேன். பழைய வால்வைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

வீட்டில் அப்பாவின் வில்லுப்பாட்டு கேசட்டைப் போட்டால் குடம் மட்டும் தொம் தொம் என்கிறது. வில்லில் கட்டிய மணிச் சத்தத்தையே காணோம். பத்து நிமிடத்தில் விளக்கை அணைத்துப் பார்த்தபோது, ஒரு ஈஎல்84-இன் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு அடுப்புக் கங்கு போலச் சிவந்திருந்தது. நடுவில் ஹீட்டர் ஆரஞ்சாக எரிவது இயல்பு. தகடு சிவந்தால் அந்த நொடியே ஸ்விட்சை அணைக்க வேண்டும். நல்லவேளை, பார்த்துவிட்டேன்.

மேலப்பாளையத்தில் பழைய ரேடியோ பார்க்கிற பாய் ஒருவரிடம் தூக்கிப் போனேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவர் உள்ளே கை வைக்கவில்லை. முதலில் மீட்டரை வைத்து, கெப்பாசிட்டரில் தேங்கிய வோல்ட்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்தார். 300 வோல்ட் வரை நிற்குமாம், ஆளையே அடித்துவிடும். அப்புறம் கவிழ்த்துக் காட்டினார். பளபளவென்று புதுக் கெப்பாசிட்டர் இரண்டே இரண்டு. மெழுகு பூசிய பழையவை அப்படியே இருந்தன. ஈஎல்84-க்கு முன்னால் இருக்கும் வால்வின் வோல்ட்டேஜைத் தடுத்துப் பாட்டை மட்டும் கடத்த வேண்டியது அதில் ஒன்று. அது வோல்ட்டேஜை ஒழுகவிட்டதால்தான் ஈஎல்84 அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துச் சிவந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியது பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கைபோல இருக்கிறது என்றார். பிரைமரி கொஞ்சம், செகண்டரி (ஸ்பீக்கர் பக்கத்துச் சுற்று) கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டியதை மொத்தமாகச் சுற்றிவைத்தால் மேல் சத்தம் செத்துவிடும்.

"புது" வால்வுகளில் அச்சு பாதி அழிந்திருந்தது, உச்சியிலிருக்கும் வெள்ளிப் பூச்சு ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. குப்பையில் போட்ட கதையைச் சொன்னேன். "பி.இ.எல் வால்வை எவனும் குப்பையில போடமாட்டான் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்க்ரூவை முடுக்கினார்.

முதலில் கொடுத்த கடைக்கே திரும்பப் போய்க் கேட்டேன். "நீங்க குடுத்ததுல என்ன இருந்துச்சுன்னு சீட்டு இருக்கா?" என்கிறார். இல்லைதான். கொடுக்கும் முன் மூடியைக் கழற்றி நாலு படம் எடுத்திருந்தால், இல்லை வால்வுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, தேவைப்படும்போது நானே கொண்டுபோய் மாட்டியிருந்தால், அவர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். ஆறிய பிறகு நேர் மேலாக மெல்ல ஆட்டி இழுத்தால் வந்துவிடும், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

பெட்டி இப்போது பாயிடம் இருக்கிறது. காயிலை மறுபடி கட்ட வேண்டும். பழைய வால்வு வாங்குகிறவர்கள் நெல்லைப் பக்கம் சிலராவது இருப்பீர்கள். சிவப்பு எனாமலில் ஒற்றைப் பொட்டும் இரட்டைப் பொட்டும் வைத்த பி.இ.எல் ஈஎல்84 ஜோடி விலைக்கு வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.