ஸூமில் சாட்சி சொல்ல வீடா, அலுவலக அறையா?

வழக்கு கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில். சாட்சி சொல்ல வேண்டிய அம்மா பினாங்கு ஆயர் ஈத்தாமில். 2020இல் நீதிமன்றச் சட்டத்தில் 15ஏ பிரிவைச் சேர்த்த பிறகு, நீதியின் நலனுக்கு ஏற்றது என்று நீதிமன்றம் கருதினால் விசாரணையைத் தொலைவழியாக நடத்தலாம். 72 வயதில் 350 கிலோமீட்டர் பயணம் மிச்சம். சரி, எங்கே உட்கார்ந்து பேசுவது?

கைப்பேசியை முதலிலேயே தள்ளிவிட்டோம். நடுவில் ஓர் அழைப்பு வந்தால் போதும், படம் நின்றுவிடும். திரையில் காட்டும் ஒப்பந்தத்தின் எழுத்தும் எறும்பு மாதிரி இருக்கும்.

வீட்டில் மடிக்கணினி என்பது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பழகிய நாற்காலி, பக்கத்திலேயே மருந்து. ஒரு நாள் ஒத்திகை பார்த்தோம். நான் கேள்வி கேட்க, அம்மா கொஞ்சம் யோசித்தார். உடனே சமையலறையிலிருந்து பெரியம்மா, "98ஆம் வருஷம்தானே!" என்று எடுத்துக் கொடுத்தார். பாசத்தில் சொன்னதுதான். விசாரணையில் அந்த ஒரு குரல் கேட்டால், அம்மாவின் உண்மையான பதிலும் யாரோ சொல்லிக் கொடுத்ததாகிவிடும். என்னை உறுத்தியது அதுதான். இணையம் அறுந்தால் திரும்ப இணைக்கலாம். சாட்சியின் மேல் விழுந்த சந்தேகத்தை எப்படித் துடைப்பது?

அதனால் எங்கள் வழக்கறிஞர் மூலம் பினாங்கின் லெபோ பிஷப் தெருவில் ஓர் அலுவலக அறைக்கு ஏற்பாடு செய்தோம். கதவைச் சாத்தினால் உள்ளே வேறு யாருமில்லை என்று கேமராவைச் சுற்றிக் காட்டலாம். கம்பிவழி இணையமும் உண்டு. குறை என்றால், புது இடம் என்று அம்மாவுக்குக் கொஞ்சம் படபடப்பு. முந்தின நாளே கூட்டிப்போய் உட்கார வைத்ததில் அது பாதி குறைந்தது.

ஆவணங்களைத் திரையில் பார்ப்பதைவிடக் காகிதக் கட்டாக வைத்துக்கொள்வது அம்மாவுக்குச் சுலபம். விரலை நனைத்துப் பக்கம் புரட்டிப் பழகியவர். ஆனால் நான் பென்சிலால் கோடு போட்டிருந்த பிரதி உதவாது. குறிப்பில்லாத சுத்தமான பிரதிதான் சாட்சியின் கையில் இருக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவும் பழக்கினோம். ஸூமில் இரண்டு குரல் மோதினால் இரண்டுமே கேட்காது.

வழக்கு நிலவரம் கேட்கும் சின்ன அமர்வு என்றால் வீடே போதும். குறுக்கு விசாரணைக்கு நான் அறையைத்தான் சொல்வேன்.

அன்று 9 மணி விசாரணைக்கு 8.15க்கே போய்விட்டோம். அம்மா மைகாட் அடையாள அட்டையையும் மூக்குக்கண்ணாடியையும் மேசையில் எடுத்து வைத்தார். நானும் பெரியம்மாவும் கதவைச் சாத்திவிட்டுக் கீழே காப்பிக்கடையில் காத்திருந்தோம்.