பைரேட்ஸ் 6 "ஃபேன் ப்ரிவ்யூ ஷோ"ன்னு யாராவது டிக்கெட் வித்தா காசு கட்டிடாதீங்க மக்களே

அவசரமா டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. டிஸ்னியோட கடல்கொள்ளைக்காரங்க பட சீரிஸ் பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன் இருக்குல்ல, அதோட ஆறாவது பார்ட்டுக்கு ரசிகர்களுக்கு மட்டும் முன்கூட்டியே ஷோ போடுறோம்னு இன்ஸ்டால ஒரு பேஜ் சுத்திட்டு இருக்கு. ஒரு டிக்கெட், முதல் பார்ட்ல வர்ற மண்டையோடு போட்ட ஆஸ்டெக் காசு மாதிரி ஒரு செயின் டாலர், ஒரு போஸ்டர், எல்லாம் சேர்த்து ஒரு "பேக்" 1,499 ரூபா. எனக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து ரெண்டு பேக் வாங்குனேன், 2,998 ரூபா. ஷோவும் இல்ல, டாலரும் இல்ல, காசும் திரும்ப வரல. பேஜ் பேர இங்க போட்டு பிரயோஜனம் இல்ல, வாராவாரம் பேர மாத்துறானுங்க, அதனால எப்படி ஏமாத்துறானுங்கன்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல ஒரு ட்ரெய்லர் வரும். நரைச்ச தாடியோட நம்ம ஹீரோ ஜாக் ஸ்பேரோ, பின்னாடி கப்பல் எரியுது, அந்த தீம் மியூசிக் வேற, கேட்ட உடனே நமக்கு கை கால் ஆடுமே அதேதான். முழுக்க ஏஐ வேலை, ஆனா போன்ல ஓடும்போது அவ்வளவு சீக்கிரம் தெரியாது. கீழ லிங்க் தட்டுனா நேரா ஒரு வாட்ஸப் குரூப்புக்கு போகும், அங்க அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும், நாம ஒரு கேள்வி கூட கேட்க முடியாது. அதுல வேற ஊர்ல முதல் ஷோ முடிஞ்சிருச்சாம், பார்த்துட்டு வந்த ஃபேன்ஸ் ரியாக்‌ஷனாம், வரிசையா ஸ்க்ரீன்ஷாட்டும் வாய்ஸ் நோட்டுமா கொட்டிட்டே இருப்பானுங்க. "தெய்வமே என்ன படம்டா", "ஜாக் ஸ்பேரோ என்ட்ரில தியேட்டரே அதிருச்சு", "கிளைமாக்ஸ்ல அழுதுட்டேன் ப்ரோ". நடுவுல நடுவுல அட்மின் வந்து இன்னும் கொஞ்சம் சீட்டுதான் இருக்கு, சாயங்காலம் க்ளோஸ் பண்றோம்னு ஒரு தட்டு தட்டுவான். எனக்கு தனியா மெசேஜ் பண்ணவன் அவ்வளவு மரியாதை, சார் சார்னுதான் பேசுனான், நீங்க பழைய ஃபேன்னு பேச்சுலயே தெரியுது சார், உங்களுக்கு நடு வரிசை ஒதுக்குறேன்னு. க்யூஆர் கோட் வந்துச்சு. அதுல கம்பெனி பேர் இல்ல, யாரோ ஒரு தனி ஆளோட பேர். கேட்டதுக்கு ஈவெண்ட் மேனேஜர் அக்கவுண்ட் சார்னான். பார்கோட் எல்லாம் போட்டு ஒரு பிடிஎஃப் டிக்கெட்டும் வந்துச்சு, தியேட்டர் பேர் மட்டும் இல்ல, லீக் ஆயிடக்கூடாதுன்னு முந்தின நாள்தான் சொல்லுவாங்களாம்.

முந்தின நாள் வந்துச்சு, டெக்னிக்கல் இஷ்யூ, ஷோ தள்ளிப் போகுதுன்னாங்க. சரி காச திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். உடனே சரின்னுட்டான், அதுதான் ரெண்டாவது கொக்கி. இன்னொரு க்யூஆர் அனுப்பி, ரீஃபண்டுக்கு இத ஸ்கேன் பண்ணி பின் போடுங்க சார், 2,998 உங்க அக்கவுண்ட்ல ஏறிடும்னான். பக்கத்துல இருந்த தங்கச்சி "அண்ணே, காசு வாங்குறதுக்கு எதுக்கு பின்னு? பின்னு போட்டா நம்ம காசுதான் போகும், போன குடு"ன்னு புடுங்கிட்டா. யுபிஐல காசு வாங்க எதையும் ஸ்கேன் பண்ணவும் வேணாம், பின் போடவும் வேணாம், இது உங்க வீட்டு பெரியவங்களுக்கும் சொல்லி வைங்க. அவ கேள்வி கேட்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டதுதான் தாமதம், சார் சார்னு பேசுனவன் ப்ளாக் பண்ணிட்டான், குரூப்ல இருந்தும் தூக்கிட்டான்.

ஆனா அன்னிக்கு ராத்திரி அவ சொன்ன இன்னொரு விஷயத்துக்காகத்தான் முக்கியமா இந்த பதிவு. குரூப்ல வந்த ரியாக்‌ஷன எல்லாம் போன்ல சேவ் பண்ணி வச்சிருந்தேன், அத உக்காந்து ஒவ்வொண்ணா பார்த்துட்டு "இதுல ஒருத்தன் கூட படத்த திட்டலயேண்ணே, பைரேட்ஸ் படம் வந்து நம்ம ஆளுங்க திட்டாம இருந்திருக்காங்களா"ன்னா. சத்தியமான வார்த்தைங்க. இந்த சீரிஸோட எந்த சீக்வல எடுத்தாலும் கலெக்‌ஷன் ஒரு பக்கம் கொட்டும், ஃபேன்ஸ் ஒரு பக்கம் சண்டை போட்டுட்டே இருப்பாங்க.

2006 ஜூலைல ரெண்டாவது பார்ட் டெட் மேன்ஸ் செஸ்ட் வந்தப்போ அமெரிக்காவுல முதல் வார இறுதிலயே 13.5 கோடி டாலருக்கு மேல, அன்னிக்கு தேதிக்கு அது ரெக்கார்டு, உலகம் முழுக்க 100 கோடி டாலர தாண்டுச்சு. அப்படி ஓடுன படத்துக்கும் என்ன பேச்சு தெரியுமா? பாதில நிறுத்திட்டான்யா, இதுக்கு ஒரு டிக்கெட் அடுத்த வருஷம் இன்னொரு டிக்கெட்டான்னு. இதையும் மூணாவது பார்ட்டையும் சேர்த்து எடுத்ததால கதை அந்தரத்துல தொங்கும், கடைசில, முதல் பார்ட்ல செத்துப் போன வில்லன் பார்போசா படியில இறங்கி வந்து ஆப்பிள கடிப்பாரு, கட். அந்த ஆப்பிள் சீனுக்கு கத்துன அதே ஆளுங்கதான் வெளிய வந்து திட்டுனாங்க. வில்லோட காதலி எலிசபெத் ஜாக்குக்கு முத்தம் குடுத்துட்டு பாய்மரத்துல விலங்கு மாட்டி கிராக்கன்ங்குற ராட்சத கடல் மிருகத்துக்கு தீனியா விட்டுட்டுப் போவாளே, அதுக்கு எவ்வளவு சண்டை, வில் பக்கம் ஒரு கோஷ்டி ஜாக் பக்கம் ஒரு கோஷ்டி. எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் வில்லன் டேவி ஜோன்ஸ்தான், பில் நை நடிச்ச நடிப்பு மேல கம்ப்யூட்டர்ல தாடைய சுத்தி ஆக்டோபஸ் கால் வளர விட்டாங்க, அந்த வருஷம் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கரும் அதுக்குத்தான். அத மேக்கப்புன்னு நினைச்சவங்க ஏகப்பட்ட பேர். இது போக ஷூட்டிங் நடந்த டொமினிக்கா தீவுல கலினாகோ மக்கள், எங்க முன்னோர நரமாமிசம் திங்கிறவங்களா காட்டப் போறீங்களான்னு எதிர்ப்பு தெரிவிச்சாங்க, அவங்க தலைவர் சார்ல்ஸ் வில்லியம்ஸ் வெளிப்படையாவே பேசுனாரு. அவங்க கோபம் நியாயம்தான், அந்த தீவு காமெடிய இப்ப பார்த்தா எனக்கே சிரிப்பு வரல.

அடுத்த வருஷம் அட் வேர்ல்ட்ஸ் எண்ட். கிட்டத்தட்ட மூணு மணி நேரம், யார் யாருக்கு துரோகம் பண்றாங்கன்னு பேப்பர்ல எழுதி வச்சாதான் புரியும். போன பார்ட்ல அந்த ஆட்டம் ஆடுன கிராக்கன இதுல கரையில செத்துக் கிடக்குதுன்னு ஒரே சீன்ல முடிச்சுட்டாங்க, அதுக்கு இன்னிக்கும் ஆறாத ஆளுங்க இருக்காங்க, நானும் ஒருத்தன். கடல் தெய்வம் கலிப்ஸோ கலிப்ஸோன்னு படம் பூரா பில்டப் குடுத்து கடைசில நண்டா கொட்டி கடலுக்குள்ள போயிடுவா. சுழலுக்கு நடுவுல ரெண்டு கப்பலும் மோதுற சண்டைய மட்டும் யாரும் குறை சொல்ல மாட்டாங்க, அத பெரிய ஸ்க்ரீன்ல பார்க்காதவங்க பாவம். எல்லாத்துக்கும் மேல டைட்டில் எல்லாம் ஓடி முடிஞ்சப்புறம் ஒரு சீன் வரும், டேவி ஜோன்ஸ் கப்பலுக்கு கேப்டனாகி பத்து வருஷத்துக்கு ஒரு நாள்தான் கரைக்கு வர முடியும்ங்குற சாபத்துல மாட்டுன வில், பத்து வருஷம் கழிச்சு திரும்பி வருவான், பாதி பேர் அதுக்குள்ள எழுந்து பார்க்கிங் போயிட்டாங்க, பார்த்தவங்களுக்கும் அவன் சாபம் தீர்ந்துச்சா இல்ல ஒரு நாள் லீவுல வந்திருக்கானான்னு குழப்பம். எழுதுன டெட் எலியட்டும் டெரி ரோசியோவும், எலிசபெத் உண்மையா காத்திருந்ததால சாபம் தீர்ந்துச்சு, அத சொல்ற டயலாக் எடிட்டிங்ல போயிடுச்சுன்னு விளக்கம் குடுத்தாங்க. சரின்னு மனச தேத்திக்கிட்டா 2017ல அஞ்சாவது பார்ட்ல வில் மூஞ்சில சிப்பி ஒட்டிக்கிட்டு அதே கப்பல்ல நிக்குறான்! சண்டை திரும்ப மொதல்ல இருந்து.

நாலாவது பார்ட்ட வேகமா தாண்டிடுறேன், 2011, 3டி, வில்லும் இல்ல எலிசபெத்தும் இல்ல, 100 கோடி டாலர் வந்துச்சு, ஃபேன்ஸ் மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டாங்க. அஞ்சாவது, அதான் நம்ம ஊர்ல சலாசார்ஸ் ரிவெஞ்ச்னு பேர் மாத்தி வந்துச்சே, அதுல பெரிய பஞ்சாயத்து ஜாக்கோட திசைகாட்டிக்கு. ரெண்டாவது பார்ட்ல மந்திரக்காரி டியா டால்மாகிட்ட இருந்து ஜாக் வாங்குனதுன்னு சொல்லுவாங்க, இதுல ஜாக்கோட சின்ன வயசுல, சாகப்போற கேப்டன் ஒருத்தர் அவன் கையில குடுத்ததா காட்டுவாங்க. எலிசபெத் கடைசில வர்றா, ஒரு வார்த்தை கூட பேச மாட்டா. பார்போசா மகளுக்காக கைய விட்டு கடல்ல விழுந்து சாகுறாரு, அந்த ஆளுக்கு இவ்வளவு அவசர சாவான்னு பாதி பேர், கரெக்டான முடிவுன்னு பாதி பேர்.

இத மனசுல வச்சுக்கிட்டு குரூப்ல வந்த ரியாக்‌ஷன திரும்ப படிச்சுப் பாருங்க. ஒருத்தன் "பார்போசா வாள் சண்டை தீ"ன்னு போட்டிருக்கான். அஞ்சாவது பார்ட்ல செத்தவர், நிஜ ஃபேனா இருந்தா மொத வரியே "திரும்ப எப்படிடா உயிரோட வந்தாரு"ன்னுதானே இருக்கும்? இன்னொருத்தன் "வில் டர்னர் முதல் தடவையா திரும்பி வந்தப்போ புல்லரிச்சுது"ன்றான். தம்பி அவன் ஏற்கனவே வந்தாச்சு. அஞ்சாவது பார்ட் டைட்டிலுக்கு அப்புறம் டேவி ஜோன்ஸோட நிழல் வில் படுக்கை பக்கம் வந்து, தரையில சிப்பி கிடக்குமே, 2017ல இருந்து நாம எல்லாரும் பதில் தேடுறது அதுக்குத்தான், அத்தனை ரியாக்‌ஷன்லயும் அதப் பத்தி ஒரு பேச்சு இல்ல. படம் ரொம்ப நீளம்னு ஒருத்தனும் சொல்லல. திசைகாட்டி பஞ்சாயத்த ஒருத்தனும் இழுக்கல. பைரேட்ஸ் ஃபேன் ரெண்டு பேர் சந்திச்சா அஞ்சு நிமிஷத்துல அது வராம இருக்காதுங்க.

இவனுங்க ஏன் இந்த படத்த புடிச்சானுங்கன்னும் புரியுது. இவ்வளவு வருஷமா அடுத்த பார்ட்டுக்கு ஏங்கிட்டு இருக்கோம், ஜாக்கா நடிச்ச ஜானி டெப் வருவாரா மாட்டாராங்குறதே தனி சீரியல். 2022ல முன்னாள் மனைவி மேல போட்ட அவதூறு கேஸ்ல, வர்ஜீனியா கோர்ட்ல, 30 கோடி டாலர் குடுத்தாலும் திரும்ப போக மாட்டீங்கதானேன்னு வக்கீல் கேட்டதுக்கு ஆமான்னாரு, கொஞ்ச நாள்லயே டிஸ்னி 30 கோடி டாலர் ஆஃபர் குடுத்துருச்சுன்னு செய்தி பரவுச்சு, டெப் தரப்பே அது பொய்யின்னு மறுத்தாங்க. அந்த பொய்ய ஷேர் பண்ணவங்க எவ்வளவு பேர். 2017ல டிஸ்னி கம்பெனியவே ஒரு கும்பல் உங்க படம் எங்ககிட்ட இருக்கு, காசு குடுன்னு மிரட்டுச்சு, அஞ்சாவது பார்ட்டுதான் போல இருக்குன்னு ஊரே பேசுச்சு, கடைசில தங்களுக்கு தெரிஞ்ச வரைக்கும் எதுவும் திருடு போகலன்னு அவங்க தலைவர் பாப் ஐகரே சொன்னாரு. ஆக படமே கையில இல்லாம அந்த பேர வச்சு காசு கேக்குறது புது டெக்னிக் இல்ல.

நான் காசு கட்டுன தேதிக்கு ஆறாவது பார்ட்டுக்கு ரிலீஸ் தேதின்னு டிஸ்னி எதுவுமே அறிவிக்கல. இங்க தியேட்டர்ல டிக்கெட் போட்டு காட்டணும்னா சென்சார் சர்டிஃபிகேட் வேணும். அந்த குரூப்ல சர்டிஃபிகேட் பத்தி யாரும் மூச்சே விடல.

காசு போனவங்க இருந்தா பேங்குக்கு அலையறதுக்கு முன்னாடியே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் அடிங்க, இல்லன்னா சைபர் க்ரைம் போர்ட்டல்ல புகார் பதிவு பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஏன்னா காசு அந்த அக்கவுண்ட்ல இருக்குறப்பவே நிறுத்தி வச்சாதான் திரும்ப வர வாய்ப்பு. எங்க கேஸ்ல வேற வேற அக்கவுண்டுக்கு கை மாறிடுச்சுன்னு சொன்னாங்க. யுடிஆர் நம்பர் (காசு அனுப்புனதுக்கான ட்ரான்ஸாக்ஷன் நம்பர்), அவன் அனுப்புன க்யூஆர், போன் நம்பர், சாட் எல்லாத்தையும் ப்ளாக் ஆகுறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருங்க, எல்லாத்தையும் கேப்பாங்க. தொகை சின்னதுன்னு விட்டுடாதீங்க, அதே அக்கவுண்ட் மேல நாலு புகார் சேர்ந்தாதான் ஏதாவது அசையும். என் புகார் இன்னும் ஓபன்லதான் இருக்கு.

அந்த பேஜ் இப்ப பேர மாத்திட்டு வேற ஒரு ஹாலிவுட் சீக்வலுக்கு அதே "ஃபேன் ப்ரிவ்யூ" வித்துட்டு இருக்கு, ரேட்ட மட்டும் 1,799 ஆக்கிட்டானுங்க. ரியாக்‌ஷன் எல்லாம் பழசுதான், படத்து பேர மட்டும் மாத்தி போட்டிருக்கானுங்க, அவசரத்துல ஒண்ணுல விட்டுட்டானுங்க போல, கப்பலே இல்லாத அந்த படத்துக்கு "ஜாக் ஸ்பேரோ என்ட்ரில தியேட்டரே அதிருச்சு"ன்னு இன்னும் நிக்குது. ஸ்க்ரீன்ஷாட் கீழ போட்டிருக்கேன், பார்க்குறவங்க ஒரு ரிப்போர்ட் அடிச்சு விடுங்க.