டெலஸ்கோப் ஏற்ற ஒரு சின்ன கார்: ஜாஸ் டீசலுடன் ஆறு வருஷம்

கார் பார்க்கப் போன இடத்துக்கெல்லாம் நான்கடி பிவிசி பைப் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். என்னிடம் இருப்பது 8 இஞ்ச் டாப்சோனியன் டெலஸ்கோப், அதாவது குழாய்க்குள் 8 இஞ்ச் அகலக் கண்ணாடி வைத்து, பெட்டி மேல் நிறுத்திப் பார்க்கிற வகை. குழாய் மட்டும் கிட்டத்தட்ட 4 அடி நீளம், 10 கிலோ. அதைத் தாங்குகிற அடிப்பெட்டியைக் காட்பாடியில் எங்கள் தெரு ஆசாரி ப்ளைவுட்டில் செய்து கொடுத்தார். அது 20 இஞ்ச் அகலம், இரண்டடிக்கு மேல் உயரம், 12 கிலோ. இதுபோக ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பெட்டி, பேட்டரி, மடக்கு நாற்காலி, கம்பளி, தண்ணீர் கேன், ராத்திரி சாப்பாடு. அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமைகளில் இவ்வளவையும் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைப் பக்கம் போவதுதான் எனக்கு வாழ்க்கையில் பெரிய சந்தோஷம்.

பெரிய எஸ்யூவி வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மாதத்தில் மீதி நாளெல்லாம் நான் ஓட்டுவது காந்தி நகரிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி கிரீன் சர்க்கிள் நெரிசலுக்குள். தவிர எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். ஏலகிரி ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவையும் அனுபவித்து ஏற வேண்டும், லாரி ஓட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டு போகக் கூடாது. சின்ன வண்டியாக இருக்க வேண்டும், ஓட்ட ஜாலியாக இருக்க வேண்டும், டெலஸ்கோப்பும் ஏற வேண்டும். இந்த மூன்றில் எதையும் விட மனசில்லை.

முதலில் ஓட்டிப் பார்த்தது ஸ்விஃப்ட். எடை குறைவு, ஸ்டீயரிங் திருப்பினால் சட்டென்று திரும்பும், இறங்கவே மனசு வரவில்லை. டிக்கி 268 லிட்டர். பின்சீட்டை மடக்கிப் பைப்பை வைத்தால் உள்ளே போய்விட்டது, ஆனால் டிக்கித் தரைக்கும் மடங்கிய சீட்டுக்கும் நடுவில் படி இருப்பதால் சாய்ந்துதான் நின்றது. பைப் சாய்ந்தால் பரவாயில்லை. உள்ளே கண்ணாடி இருக்கும் குழாய் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தப் படியில் இடித்துக்கொண்டே வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போலோவையும் ஓட்டினேன். நல்ல வண்டி. அடிப்பெட்டியும் ஆட்களும் சேர்ந்து உட்கார வழியில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் புரிந்த விஷயத்தை அழுத்தியே சொல்கிறேன். டிக்கி எத்தனை லிட்டர் என்பதை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். தரை எவ்வளவு தாழ்வு, சீட் எப்படி மடங்குகிறது, வாய் எவ்வளவு அகலம் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். தபேலாவோ, கீபோர்டோ, கிரிக்கெட் கிட்டோ, எதை ஏற்றப் போகிறீர்களோ அதையே தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

கடைசியில் 2019ல் நான் வாங்கியது 2016 மாடல் ஹோண்டா ஜாஸ் டீசல், பழைய வண்டி, 46,000 கிலோமீட்டர் ஓடியது. டிக்கியே 354 லிட்டர், ஆனால் நான் மயங்கியது அதற்கல்ல. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க், என் வண்டியில் டீசல் டேங்க், பின்சீட்டுக்கு அடியில் இல்லாமல் முன்சீட்டுகளுக்குக் கீழே இருக்கிறது. அதனால் பின்சீட்டுக்கு அடியில் வெறும் இடம்தான். முதுகுச் சாய்வை மடக்கினால் சீட் அந்தக் குழிக்குள் இறங்கி, டிக்கியிலிருந்து முன்சீட் வரைக்கும் ஏறக்குறைய சமதரையாகிவிடும். இன்னொரு வேலையும் உண்டு: உட்காரும் பலகையை மட்டும் சினிமா தியேட்டர் சீட் மாதிரி மேலே தூக்கி நிறுத்தலாம், அப்போது தரையிலிருந்து கூரை வரை ஏறக்குறைய நான்கடி உயரம் கிடைக்கும். மேஜிக் சீட் என்று பெயர். 2015ல் வந்த மாடலில் மேல் வேரியண்ட்களில் இது இருந்தது, 2018ல் புதுப்பித்தபோது இந்தியாவில் எடுத்துவிட்டார்கள். அதனாலேயே நான் புதுசு வாங்காமல் பழசைத் தேடிப் போனேன்.

இப்போது ஏற்றும் முறை பழகிவிட்டது. பின்சீட் 60:40 என்று பெரிசும் சின்னதுமாக இரண்டு பக்கமாகப் பிரியும். இரண்டு பேர் போனால் 40 பக்கத்தை மடக்கிக் குழாயைப் படுக்க வைப்பேன், 60 பக்கத்தின் பலகையைத் தூக்கி அடிப்பெட்டியை நிற்கவைப்பேன், டிக்கி முழுக்க மற்ற சாமான். நான்கு பேர் என்றால் குழாய் அதே இடத்தில், அடிப்பெட்டி டிக்கியில் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும், பைகள் மடியில். குழாய்க்கு அடியில் பழைய கோரைப்பாய் ஒன்றை இரண்டாக மடித்துப் போடுகிறேன். கண்ணாடி இருக்கும் பக்கம் முன்சீட்டை நோக்கி இருக்க வேண்டும், பின்சக்கரத்துக்கு நேர்மேலே இருந்தால் அதிர்வு அதிகம். இந்த ஏற்பாடு வந்த பிறகு இறக்கியதும் கண்ணாடியை நேர்ப்படுத்த இரண்டு நிமிஷம் போதும், முன்பெல்லாம் கால் மணி நேரம் ஆகும்.

ஓட்டுவதற்கு வருகிறேன். 1.5 லிட்டர் டீசல், 100 பிஎஸ், 1,750 ஆர்பிஎம்மிலேயே 200 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்), 6 கியர். ஹைவேயில் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஆறாவது கியரில் போய்க்கொண்டே இருக்கும், லிட்டருக்கு 21, 22 கிடைக்கிறது. உண்மையான சந்தோஷம் ஏலகிரியில். பாரதியார், கபிலர், பாரி என்று புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த வளைவுகள். நான்கு பேரும் சாமானும் இருந்தாலும் இரண்டாவது கியரில் லேசாக அழுத்தினால் வளைவிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது, மூன்றுக்கு மாற்றினாலும் திணறுவதில்லை. ஸ்விஃப்ட் அளவுக்கு வளைவில் துள்ளாது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பாரத்தோடு ஏறும்போது இந்த டார்க் தரும் தெம்புக்கு நான் அந்தத் துள்ளலை விட்டுக்கொடுக்கத் தயார். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டால் பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டியதில்லை.

நாங்கள் வழக்கமாகப் போவது ஆலங்காயம் பக்கம், நண்பரின் மாமனார் நிலத்துக்கு. வானாய்வு மையம் இருக்கும் காவலூர் அங்கிருந்து கிட்டத்தில். 1968ல் அந்த மலையில் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கினார்கள், 1977ல் யுரேனஸின் வளையங்களைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று, 1986லிருந்து 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அந்த இருட்டில் நம் 8 இஞ்சையும் நிறுத்துவதே எனக்குப் பெருமை. முதல் தடவை குழாயை வெளியே எடுத்தபோது நண்பரின் மாமனார் சுற்றிச் சுற்றி வந்து, “இன்னாபா இது, போர் பைப்பா? இத்தினியூண்டு வண்டியிலயா எட்டாந்தீங்க?” என்றார். சித்திரை தொடக்கத்தில் நள்ளிரவு வாக்கில் தெற்கே முப்பது டிகிரி உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைக் காட்டினேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை, அப்புறம் வீட்டுக்குள் போய் அம்மாவை எழுப்பிக் கூட்டிவந்தார்.

இந்தப் பொழுதுபோக்குக்கென்று வண்டியில் சில பழக்கங்கள் வேண்டும். டிக்கி விளக்கின் மேல் சிவப்பு செலோபேன் ஒட்டியிருக்கிறேன். இருட்டுக்குக் கண் பழக அரை மணி ஆகும், ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. ரிமோட்டில் பூட்டினால் இண்டிகேட்டர் பளிச்சென்று அடிக்கும் என்பதால் சாவி போட்டுத்தான் பூட்டுகிறேன். இன்னொன்று ஏசி. மழைக்காலம் முடிந்த மாதங்களில் ஏசியில் சில்லிட்ட கண்ணாடியை ஈரக்காற்றில் எடுத்தால் மூக்குக்கண்ணாடி மாதிரி மேலெல்லாம் ஆவி படிந்துவிடும். ஆலங்காயம் தாண்டியதும் ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுவேன். கோடையில் வேலூர் வெயிலில் எதையும் வண்டிக்குள் விட்டுவைப்பதில்லை, வெயில் தாழ்ந்த பிறகுதான் ஏற்றுவோம்.

இப்போது 1,18,000 கிலோமீட்டர் ஆகிறது. கிளட்ச் ஒரு தடவை மாற்றினேன், டயர் இரண்டு செட். காவலூர் சாலையில் கூர்மையான கல் ஒன்று டயரின் பக்கச் சுவரைக் கிழித்தது, ஸ்டெப்னி எடுக்க ராத்திரி எட்டு மணிக்கு மொத்த சாமானையும் ரோட்டோரம் இறக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து கிளம்பும் முன்பே ஸ்டெப்னியில் காற்று பார்த்துவிடுகிறேன். தரை இடைவெளி 165 மி.மீ.தான், நான்கு பேரோடு போனால் ஊர்களில் பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக, சாய்வாக ஏற்ற வேண்டும். ஒரு சர்வீஸ் சென்டரில் மேஜிக் சீட்டைத் தூக்கத் தெரியாமல் வேகமாக இழுத்து லிவரின் பிளாஸ்டிக்கை உடைத்துவிட்டு, முன்பே உடைந்திருந்தது என்றார்கள். வெளி மெக்கானிக் ஒருவர்தான் பழைய வண்டி ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டுத் தந்தார்.

ஜாஸ் இப்போது புதிதாகக் கிடைக்காது, பழசுதான் வழி. பார்க்கப் போகிறவர்கள் இன்ஜினைப் பார்க்கும் அக்கறையோடு பின்சீட்டையும் பாருங்கள்: இரண்டு பக்கத்தையும் மடக்கி, தூக்கி, மறுபடி இறக்கிப் பாருங்கள், இறக்கியதும் டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும், ஆடக் கூடாது. பலகையைத் தூக்கிய பிறகு அடியில் இருக்கும் விரிப்பைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமோ மண்ணோ தட்டுப்பட்டால் வண்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, அதை வாங்க வேண்டாம்.